சரக்கைப் பார், ஆளைப் பார்க்காதே!

போடிநாயக்கனூர் என்றதும் உங்கள் மூக்குக்கு முதலில் எட்டுவது ஏலக்காய் வாசனைதான். போடிமெட்டு ஏறினால் ஏலத்தோட்டம். இறங்கி வந்தால் அந்த ஏலத்துக்கே ஏலம்!

முன்பெல்லாம் ஏல அறையில் சாம்பிள் கைமாறும். வியாபாரிகள் நிறம் பார்த்து, பருமன் பார்த்து, வாய்விட்டு விலை கேட்பார்கள். 2007-ல் ஸ்பைசஸ் போர்டு இங்கே மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. காயைப் பார்ப்பது இப்போதும் மனுஷக் கண்தான். விலை ஏறுவது மட்டும் கம்ப்யூட்டர் திரையில். ஒரு விவசாயியின் வருஷ உழைப்பு அந்தத் திரையில் ஓடும் எண்ணில் இருக்கிறது. சரி, காயைச் சோதிக்க ஆள் இருக்கு... சாஃப்ட்வேரை யார் சோதிப்பது?

ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த மைக்கேல் ஃபேகன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து, 1976-ல் கட்டுரையாக வெளியிட்டார். புரோகிராமை ஓடவிட்டுப் பார்ப்பதற்கு முன்பே, சுமார் நாலு பேர் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்க வேண்டும். அவ்வளவுதானா என்கிறீர்களா? சூட்சுமமே அதன் விதிகளில்தான்!

எல்லோரும் முன்கூட்டியே படித்துவிட்டு வரணும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூட்டம் நீளக்கூடாது. களைத்த கண்ணுக்குப் பிழை தெரியாது. கூட்டத்தில் பிழையைக் கண்டுபிடிப்பதோடு சரி, திருத்துவது பிறகு. திருத்தியாச்சா என்று கூட்டத்தை நடத்தியவரே சரிபார்க்கணும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பிழைக் கணக்கை வைத்து ஊழியருக்கு மார்க் போடக்கூடாது! இன்க்ரிமென்ட்டில் கை வைப்பார்கள் என்று தெரிந்தால், பக்கத்து சீட்காரர் பிழையைப் பார்த்தும் வாயைத் திறப்பாரா? அப்புறம் அது ரிவ்யூ இல்லை, சடங்கு.

ரிவ்யூ நடந்தாலே போதும் என்றும் இருந்துவிட முடியாது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான்-5 ராக்கெட், கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகாமல் வெடித்துச் சிதறியது. காரணம், பழைய ஏரியான்-4-க்கு எழுதிய சாஃப்ட்வேரில் ஒரு பகுதி. புதிய ராக்கெட்டின் வேகத்தில் வந்த பெரிய எண், அதற்கென ஒதுக்கியிருந்த சின்ன இடத்தில் அடங்கவில்லை. அதற்கு முன்னால் எத்தனையோ ரிவ்யூக்கள் நடந்திருந்தன! ‘பழசில் ஒழுங்காக ஓடியதே, புதுசுக்கும் சரிப்படுமா?’ என்ற கேள்விதான் விட்டுப்போனது.

நாளைக்கே உங்கள் ஆபீஸில் ஒருவர் உங்கள் வேலையில் பிழை காட்டினால் கோபப்படாதீர்கள். போடியில் எந்த வியாபாரியும் தோட்டக்காரரைக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பதில்லை, காயைத்தான்!