தாத்தா இராயப்பன், பேரன் பீட்டர்

குடும்ப வரலாறு எழுதப் போகிறீர்களா? தாத்தா பெயரிலிருந்து தொடங்கிப் பாருங்கள். பழைய கத்தோலிக்கக் குடும்பம் என்றால் இராயப்பன், சின்னப்பன், அருளப்பன், சூசை என்று வரும். இராயப்பன்தான் பீட்டர், அருளப்பன் ஜான், சூசை ஜோசப். சின்னப்பன் பால். லத்தீனில் 'பவுலுஸ்' என்றால் சிறியவர், அதை அப்படியே தமிழாக்கியிருக்காங்க, நல்ல வேலை! 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாரின் பெயர் சவரிமுத்து ஆனது. மதம் வெளியிலிருந்து வந்தது. பெயர் நம் நாக்கில் பிறந்தது.

இந்தப் பெயர்களோடுதான் நம்மவர்கள் கப்பலேறினார்கள். சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக ஓஃபிர் சாலையில் லூர்து மாதா ஆலயம் 1888-இல் எழுந்தது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு ஜூலையில் இன்றும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள்.

ஆனால், இராயப்பன் தன் பெயர்க்காரர்தான் என்று பேரன் பீட்டருக்கே பல வீடுகளில் தெரியாது. பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதுங்க. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருக்கும், அதை ஏன் வைத்தார்கள் என்பது இருக்காது.