பின் ஸ்பீக்கர் ஏன் ஊமையாச்சு? சுற்றொலியின் சின்ன வரலாறு

வீட்டில 5.1 செட் வைச்சிருக்கிற ஆக்களிட்டக் கேட்டால் மூண்டு முறைப்பாடு கட்டாயம் வரும். பின்னால இருக்கிற ஸ்பீக்கர் ஊமை. வெடிச்சத்தம் வீட்டைத் தூக்குது, வசனம் விளங்கேல்ல. சத்தம் திரையில இருந்து வராமல் காதுக்குப் பின்னால இருந்து வருது. கடைசியில, வீட்டில இருக்கிற வயசான ஆளுக்குத்தான் காது மந்தம் எண்டு முடிவாகும். இல்லாட்டிப் புதுச் செட்டுக்குக் காசு சேர்க்கத் தொடங்குவினம். அதுக்கு முதல் இந்தத் தொழில்நுட்பம் வந்த வழியைப் பார்க்கலாம். இந்தக் கோளாறுகள் பலவற்றுக்கும் பின்னால் பழைய சமரசம் ஒன்று இருக்கிறது.

1940 நவம்பரில் நியூயோர்க்கில் டிஸ்னியின் ‘ஃபன்டேசியா’ திரையிடப்பட்டபோது, ‘ஃபன்டசவுண்ட்’ என்ற முறையில் இசை அரங்குக்குள் நகர்ந்து திரிந்தது. ஆனால் ஓர் அரங்கைத் தயார்ப்படுத்த ஏறக்குறைய 85,000 டொலர் முடிந்தது. அந்தக் காலத்துக் காசில் அதை யார் தாங்குவது? சில நகரங்களோடு அது நின்றுபோனது. பொது வெளியீட்டில் படம் ஒற்றைத்தடச் சத்தத்தோடுதான் போனது. அதுக்குப் பிறகு வந்த எல்லாருக்கும் முன்னால நிண்ட கேள்வி: இதை எப்படி மலிவாக்கிறது?

1970களில் ‘குவாட்ரபோனிக்’ இசைத்தட்டுகள் நான்கு ஸ்பீக்கர்களை வீட்டுக்குக் கொண்டுவந்தன. சிபிஎஸ், சன்சுயி, ஜேவிசி மூன்றும் ஆளுக்கொரு முறையைப் பிடித்துக்கொண்டன. ஒன்றின் தட்டு மற்றதன் கருவியில் சரியாக வேலை செய்யவில்லை. சனம் குழம்பி விலகியது.

டொல்பி ஸ்டீரியோ வேறு வழியில் போனது. படச்சுருளில் இடம் இரண்டு தடத்துக்குத்தான். அதற்குள் இடம், நடு, வலம், பின் என்று நான்கையும் மடித்து வைத்தார்கள். பின்பக்கச் சத்தம் இரண்டு தடங்களிலும் ஒன்றுக்கொன்று எதிர்க் கட்டத்தில் ஒளிந்திருக்கும். 1977இல் ‘ஸ்டார் வோர்ஸ்’ அதைப் பிரபலமாக்கியது. ஆனால் மடித்ததை விரிக்கேக்க முன்பக்க வசனம் பின்னால கொஞ்சம் கசியும். அதுக்காகப் பின்பக்கத்தை ஏறக்குறைய 20 மில்லிசெக்கன் பிந்த வைச்சினம். ஒரே சத்தம் இரண்டு இடத்தில் இருந்து வந்தால், முதலில் வந்த பக்கத்தைத்தான் காது நம்பும். 1940களின் இறுதியில் ஹெல்முட் ஹாஸ் ஆராய்ந்த விசயம் இது.

மூன்றாவது முறைப்பாட்டுக்கு மறுமொழி இதுக்குள்ள இருக்கு. எங்கட சின்ன ஹோலில பின் ஸ்பீக்கர் கதிரைக்குக் கிட்ட இருக்கும். சத்தம் ஒரு மீற்றரைக் கடக்க 3 மில்லிசெக்கன் எடுக்கும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரம் எண்டு அளந்து ரிசீவரில குடுத்தால், கிட்ட இருக்கிறதை அது தானே பிந்தவைக்கும்.

1982இல் வீட்டுக்கு வந்த டொல்பி சரவுண்டில் நடு ஸ்பீக்கர் இல்லை. 1987இல் வந்த புரோ லொஜிக்தான் அதைச் சேர்த்தது. வசனத்தைத் திரையோடு கட்டிவைப்பதுதான் அதன் வேலை. அதனால வசனம் விளங்கேல்ல எண்டால் அம்மம்மாவின்ர காதைச் சோதிக்க முதல் நடு ஸ்பீக்கரின்ர வயரையும் அளவையும் பாருங்கோ.

முதலாவது முறைப்பாடு சீடி காலத்து மிச்சம். ஒப்டிக்கல் கேபிளில் போகும் முறையை சோனியும் பிலிப்ஸும் ஸ்டீரியோவுக்கென்று வகுத்தார்கள். சுருக்காத பிசிஎம் சத்தம் அதில் இரண்டு தடம்தான் போகும். 5.1 போகவேண்டுமானால் டொல்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் ஆகச் சுருக்கி அனுப்பவேண்டும். ரீவியின்ர ஓடியோ செட்டிங் ‘பிசிஎம்’ இல நிண்டால் அந்தக் கேபிளால பின்பக்கம் வராது. அதை ‘பிட்ஸ்ட்ரீம்’ ஆக்கவேணும்.

எதுக்கும் முதல், ரிசீவரில இருக்கிற ‘டெஸ்ட் டோன்’ஐப் போடுங்கோ. பின் ஸ்பீக்கரில இரைச்சல் கேட்டால் ஸ்பீக்கரும் வயரும் சுகம். பிழை செட்டிங்கிலயோ படத்திலயோ கேபிளிலயோதான். கேட்காட்டி வயரைக் கழட்டிப் பாருங்கோ. இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை.