பழைய வண்டியின் விலை

நீலகிரி மலையின் வடபுறச் சரிவு இறங்கி முடியுமிடத்தில், முதுமலைக் காட்டை ஒட்டி அமைந்த சிற்றூர் மசினகுடி. மாடு வளர்ப்பில் பெயர் பெற்றது. மாடு வாங்க வருகிறவர் முதலில் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்; பல் வயதைச் சொல்லிவிடும். ஆனால் ஜீப்புக்குப் பல் ஏது?

1990களின் பிற்பகுதியில் என் தந்தையார் தம் பழைய ஜீப்பைக் கொடுத்து வேறு வண்டி வாங்க முற்பட்டபோது இக்கேள்வி எங்கள் வீட்டில் எழுந்தது. ஜீப்புக்குக் குறையும் ஒவ்வொரு ரூபாயும் என் கல்லூரிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்த பணத்திலிருந்தே போகவேண்டும். தரகர் ஒருவர் வந்தார். "மீட்டரைப் பின்னுக்குத் திருப்பிவிட்டால் நல்ல விலை கிடைக்குமே, ஐயா!" என்றார். எனக்கு அந்த யோசனை இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவர் எப்படி முடிவு செய்தார் என்பதைச் சொல்லுமுன், இவ்வாணிகத்தின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

பழைய காரைக் கொடுத்துப் புதிய கார் வாங்கும் முறை 1920களில் அமெரிக்காவில் பெருவழக்காயிற்று. கார் வாங்க வந்தவர்களுள் பலர் அதற்குள் ஒரு காருக்கு உடையவர்களாயிருந்தனர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் இதனைக் கண்டுகொண்டார். தவணை முறை, ஆண்டுதோறும் புதிய வடிவம் ஆகியவற்றோடு பழைய காரை ஏற்றுக்கொள்ளும் முறையையும் தம் வாணிகத்தின் தூண்களுள் ஒன்றாக்கினார். பழைய கார் புதிய காருக்கு முன்பணமாயிற்று. ஒரே வடிவத்தைப் பற்றி நின்ற ஃபோர்டு நிறுவனம் 1927இல் தன் மாடல் டி காரை நிறுத்த நேர்ந்தது.

நம் நாட்டின் கதை வேறு. 1945இல் தொடங்கிய மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டித் தந்தது. அம்பாசிடர், ஃபியட் போன்ற சில கார்களே கிடைத்தன. பணம் கட்டிவிட்டு மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். ஆகவே கைக்குக் கிடைக்கும் பழைய கார், எட்டாத புதிய காரைவிடக் கூடுதல் விலைக்குப் போன விந்தையும் நிகழ்ந்தது! 1983 டிசம்பரில் மாருதி வந்தது. 1993இல் கார்த் தொழிலுக்கு உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. வரிசை மறைந்ததும் பேரம் வாங்குவோர் கைக்கு மாறிற்று. 2001இல் மாருதி நிறுவனமே பழைய கார் வாணிகத்தில் இறங்கிற்று.

பழைய கார் ஏன் விலை குன்றுகிறது? 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் பொருளியல் அறிஞர் இதற்கு விளக்கம் தந்தார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே அவர் எல்லாக் கார்களுக்கும் நடுத்தர விலையே சொல்வார். நல்ல கார் வைத்திருப்பவர் அவ்விலைக்கு விற்க மனமின்றி விலகுவார்; சந்தையில் பழுதானவையே மிஞ்சும். இவ்வாராய்ச்சிக்காகவும் 2001இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஐயத்தை நீக்கும் சான்று எதுவோ அதுவே விலையை உயர்த்தும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

இனி எங்கள் ஜீப்புக்கு வருவோம். உதகைக்குச் செல்லும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கும் ஏறும்போது கிளட்சும் தேயும். மலைவண்டி என்றாலே சமவெளி வணிகர் தயங்குவர். தந்தையார் மீட்டரைத் தொடவிடவில்லை. எண்ணெய் மாற்றிய நாள், பிரேக் புதுப்பித்த நாள், செலவு ஆகியவற்றை எழுதிவந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் சென்றார். நானும் உடன் சென்றேன். முதற்கடையில் நோட்டைத் திறக்கவே இல்லை. ஊரின் பெயரைக் கேட்டே விலையைக் குறைத்தனர். இரண்டாம் கடையின் மேஸ்திரி பக்கம் பக்கமாகப் படித்தார்; வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தார்; எழுதியதும் இருந்ததும் ஒத்திருந்தன. முன்னதைவிடக் கூடுதலாகவே விலை சொன்னார். தரகர் காட்டிய ஆசையளவுக்கு அது எட்டவில்லை. ஆயினும் கட்டணப் பணம் பெரும்பாலும் தப்பியது.

அன்று கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன். புதிய வண்டியின் விலையை முதலில் தனியே முடிவுசெய்யுங்கள். பிறகு பழையதன் விலையைப் பேசுங்கள். இரண்டையும் கலந்தால் ஒன்றில் கொடுத்ததை மற்றொன்றில் எடுத்துக்கொள்வர். இரண்டு மூன்று இடங்களிலேனும் விசாரியுங்கள். விற்பதற்கென்றே பெருஞ்செலவு செய்து பழுது பார்க்க வேண்டா. போட்ட பணம் முழுவதும் விலையில் திரும்புவது அரிது. கடன் தீர்ந்திருந்தால் பதிவுச் சான்றிலுள்ள அடமானக் குறிப்பை நீக்கிவிடுங்கள். விற்றபின் உரிமை மாற்றத்தைப் பதிவு செய்ய மறவாதீர்கள். பதிவேட்டில் பெயருள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். வண்டிக்கு அப்பேறு இல்லை. நாள்தோறும் அதன் மதிப்புத் தேய்கிறது. தேய்ந்தது எவ்வளவு, காத்தது எவ்வளவு என்பதை அந்த நோட்டுப் புத்தகமே சொல்லிற்று. அந்நோட்டை மேஸ்திரி தம்மிடமே வைத்துக்கொண்டார், அடுத்து வாங்குபவருக்குக் காட்டுவதற்காக.