குற்றத் தொடர்களில் பம்பாய்த் தமிழர்: 1976 எங்கே?

இணையத்தில் வரும் குற்றத் தொடர்களை ஒன்றுவிடாமல் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. முதுகலையில் மொழியியல் படித்தவர்களுக்கு இதில் ஒரு தொல்லை இருக்கிறது. கொலையாளி யார் என்று எல்லாரும் தேடிக்கொண்டிருக்கும்போது, பேசுகிறவர் எந்த ஊர்க்காரர் என்று நம் காது தேடிக்கொண்டிருக்கும். அந்தக் காதுக்குச் சில ஆண்டுகளாக ஒன்று உறுத்துகிறது: பம்பாய் நிழலுலகைச் சொல்லும் தொடர்களில் தமிழர்கள் வருகிறார்கள், தமிழ் வருவதில்லை. சீத்தா கேம்ப்பின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய இன்னொரு விடுபடலும் தெரியும். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

2023 செப்டம்பரில் அமேசான் பிரைமில் வெளிவந்த ‘பம்பாய் மேரி ஜான்’ தொடரை எடுத்துக்கொள்வோம். எஸ். ஹுசைன் சைதியின் ‘டோங்ரி டு துபாய்’ நூலை அடியொற்றிய பத்துப் பகுதிகள். நேர்மையான காவலராக கே கே மேனனும், ஹாஜி மக்பூலாக சவுரப் சச்தேவாவும் நடித்திருப்பதில் எனக்குக் குறையே இல்லை. ஹாஜி மக்பூல் யாருடைய நிழல் என்பது வெளிப்படை. ஹாஜி மஸ்தான் இராமநாதபுரத்துக் கடலோரப் பனைக்குளத்தில் 1926இல் பிறந்த தமிழ் முஸ்லிம். சிறுவனாகத் தந்தையுடன் பம்பாய்க்கு வந்து, பின்னர்த் துறைமுகத்தில் சுமைதூக்கியவர். தொடரின் ஹாஜியோ தொடக்கம் முதல் முடிவு வரை இந்துஸ்தானியின் வார்ப்பு. பனைக்குளத்தின் சுவடு எதுவும் என் காதில் விழவில்லை.

இந்திப் பார்வையாளர்களுக்குத் தமிழ் புரியாது என்ற பழைய விடை இனிச் செல்லாது. 2021இல் ‘தி ஃபேமிலி மேன்’ இரண்டாம் பருவம் நீண்ட உரையாடல்களைத் தமிழிலேயே ஓடவிட்டது. அதில் ஈழத்தமிழர் காட்டப்பட்ட விதத்தில் எனக்குக் கடும் மாறுபாடு உண்டு என்றாலும், மொழி ஒலித்தது. 2025 ஜனவரியில் வந்த ‘பாதாள் லோக்’ இரண்டாம் பருவம் நாகாலாந்துக்குச் சென்று நாகாமியைப் பேசவைத்தது. தமிழிலோ, கன்னியாகுமரி மண்ணில் நடக்கும் ‘வதந்தி’ போன்ற தொடர்கள் வட்டார வழக்கைக் கதையின் உறுப்பாகவே கொண்டிருக்கின்றன. ஆகவே வழியும் உண்டு, பார்வையாளரும் உண்டு. பம்பாய்த் தமிழர் என்று வந்தால் மட்டும் அது நடப்பதில்லை.

இது ஒலியைப் பற்றிய புலம்பல் மட்டும் அன்று. ‘பாய்’ என்ற ஒரு சொல்லைப் பார்த்தால் போதும். தமிழ்நாட்டில் அது முஸ்லிம் ஆண் ஒருவரை அயலார் மரியாதையோடு விளிக்கும் சொல். கடைக்காரர் பாய், பிரியாணி பாய். பம்பாய் இந்தியில் அது சகோதரன். தெருவில் யாரையும் அழைக்கலாம். குற்றத் தொடர்களில் அது ஒரே பொருளுக்குச் சுருங்கிக் கூட்டத்தலைவன் ஆகிவிடுகிறது. திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் கணிசமாக வாழும் சீத்தா கேம்ப்பில் இம்மூன்று பொருளும் ஒரே சந்தில் புழங்குகின்றன. யார், யாரிடம், எந்த மொழிக்கு நடுவே சொன்னார் என்பதைக் கொண்டே பொருள் பிரியும். அந்தப் பிரிப்பைக் கேளாத காதுக்கு அந்தத் தெருவின் ‘பாய்’ எல்லாரும் சந்தேகத்துக்குரியவர்கள் ஆகிவிடுவார்கள். வேலைக்கான நேர்காணலில் முகவரியைச் சொல்லும் இளைஞனுக்கு இதன் விளைவு என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

(‘சுபாரி’யும் இப்படித்தான். பொருள் வெறும் பாக்கு. பம்பாய் வழக்கில் கூலிக்கொலைக்கான ஒப்பந்தம். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்து ஒப்பந்தத்தை உறுதிசெய்யும் வழக்கம் நமக்கும் உண்டு. நம்மிடம் அது நிச்சயதாம்பூலத்தோடு நின்றுவிட்டது.)

தமிழ்த் திரையும் இதில் முழுமையாகத் தப்பியதில்லை. 1987 தீபாவளிக்கு வந்த ‘நாயகன்’ தூத்துக்குடியில் பிறந்த வரதராஜ முதலியாரின் வாழ்வை அடிப்படையாகக் கொண்டது. அவர் விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தில் சுமைதூக்கி, பின்பு கள்ளச்சாராயத்தின் வழியே தாராவியிலும் மாட்டுங்காவிலும் செல்வாக்குப் பெற்றவர். படத்தின் தாராவியைத் தோட்டாதரணி சென்னையில் ஓர் அரங்காக எழுப்பினார். படம் வெளிவந்த சில மாதங்களுக்குள், 1988 தொடக்கத்தில், வரதராஜனும் சென்னையில் இறந்தார். அன்று முதல் பம்பாய்த் தமிழர் வரலாறு என்றால் வெளியுலகுக்கு இந்த ஒரு வார்ப்புதான். 2018இல் பா. இரஞ்சித்தின் ‘காலா’ திருநெல்வேலி வழக்கைத் தாராவிக் குடும்பத்தின் வாயில் வைத்ததோடு, கதையின் நடுப்புள்ளியையும் கடத்தலிலிருந்து நிலத்துக்கு நகர்த்தியது. அந்த நகர்வை நான் பெரிதாக மதிக்கிறேன். தொடர்கள் இன்னும் அதை எட்டவில்லை.

இனி 1976. ‘தீவார்’ படம் 1975 ஜனவரியில் வெளிவந்தது. அதன் நாயகனில் மஸ்தானின் சாயல் உண்டென்று அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். அவ்வாண்டு ஜூனில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. மஸ்தானின் சிறைவாசம் அக்காலத்தில்தான். நிழலுலகக் கதைகள் இந்தச் சிறைவாசத்தைத் திருப்புமுனையாக்கத் தவறுவதில்லை. அதே நெருக்கடிநிலையில் அதே நகரத்தில் நடந்த இன்னொன்றை அவை தொட்டதில்லை.

மான்குர்த் அருகே, அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி, ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. நகரின் பிற பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை அதிகாரிகளே அங்கு கொண்டுவந்து வைத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஏறத்தாழ 70,000 பேர். அவர்களில் தமிழர் மிகுதி. அந்த நிலம் ஆராய்ச்சி மையத்துக்குத் தேவைப்பட்டது. ஆண்டுக்கணக்கில் நீண்ட எதிர்ப்புக்குப் பின், 1976 மே மாதத்தில் பெரும் காவல் படையின் துணையோடு காலனி தரைமட்டமாக்கப்பட்டது. மக்கள் டிராம்பே கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்தில் சிறு மனைகளில் இறக்கிவிடப்பட்டார்கள். அதுதான் சீத்தா கேம்ப்.

அந்த எதிர்ப்பின் மையத்தில் இருந்தவர் ஜோக்கின் அற்புதம். 1947இல் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். தச்சுவேலை தெரிந்தவர், 1960களில் பம்பாய்க்கு வந்து ஜனதா காலனியில் தங்கியவர். மாநகராட்சி குப்பையை அள்ளாதபோது அவர் மனு எழுதிக் காத்திருக்கவில்லை. காலனிக் குழந்தைகளைத் திரட்டி, ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைக் கட்டி எடுத்துவரச் செய்து, அலுவலகத்தின் முன்னே கொட்டவைத்தார். பிறகு நீதிமன்றம், தில்லிப் பயணம், பலமுறை கைது. நெருக்கடிநிலையில் கைதுக்குத் தப்பி நாட்டைவிட்டே வெளியேறிப் பிலிப்பைன்சில் தங்கினார். 1974இல் அவர் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு பின்னாளில் பல நாடுகளின் குடிசைவாசிகளை இணைக்கும் அமைப்புக்கு வித்திட்டது. 2000இல் மகசேசே விருது, 2011இல் பத்மஸ்ரீ, 2018இல் மறைவு.

துரத்தல், தலைமறைவு, எல்லை தாண்டுதல், அறிவிக்கை ஒட்டிய கதவுகள், நீதிமன்றக் காட்சிகள். ஒரு பருவத்துக்குத் தேவையான அனைத்தும் இங்கே உள்ளன. பிறகு ஏன் எவரும் எடுக்கவில்லை?

என் முதல் கோட்பாடு எளிமையானது. குற்றத் தொடருக்கு ஒரு குற்றவாளி தேவை. அவனுக்கு ஒரு முகம் தேவை. கோப்பு ஒன்று மேசை மாறி மேசை நகர்ந்து 70,000 பேரை இடம்பெயர்க்கும்போது, கடைசிப் பகுதியில் யாருடைய முகமூடியைக் கழற்றுவது? இக்கோட்பாட்டோடு சில காலம் நிறைவாகவே இருந்தேன். 2023 அதை உடைத்தது. உப்ஹார் திரையரங்கத் தீயில் தம் இரு பிள்ளைகளை இழந்த பெற்றோர் இருபதாண்டுக்கும் மேலாக நடத்திய வழக்கை ‘டிரையல் பை ஃபயர்’ ஏழு பகுதிகளில் சொன்னது. அவ்வாண்டின் இறுதியில் போபால் நச்சுவாயுவைப் பற்றி ‘தி ரயில்வே மென்’ வந்தது. நிறுவனமும் அலட்சியமும் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் தொடர்களை எடுக்கவும் பார்க்கவும் முடியும் என்று இரண்டும் காட்டின.

எனவே கோட்பாட்டைத் திருத்திக்கொள்கிறேன். தடை வடிவத்தில் இல்லை, பாத்திரத் தேர்வில் இருக்கிறது. உப்ஹார் கதையில் நடுத்தர வர்க்கப் பெற்றோரின் துயரம் பார்வையாளருக்கு உடனே சொந்தமாகிறது. குடிசைப்பகுதித் தமிழருக்குத் திரை முன்பே ஒரு வேடத்தை ஒதுக்கிவிட்டது: அடியாள், அல்லது அடியாட்களின் தலைவர். வழக்காடுபவராக, மனுதாரராக, சாட்சியாக அவர் வந்து நின்றால் அவர் பேசும் மொழியை எழுத ஆள் வேண்டும். பாத்திரத்தின் மொழியைத் துறப்பவர்கள் அவருடைய வழக்கையும் சேர்த்தே துறக்கிறார்கள் என்பது என் இப்போதைய முடிவு. மறுப்போர் எதிர்ச்சான்றோடு வரலாம். ஊடகவியல் மாணவர்களின் கருத்தை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்.

எவரேனும் எடுக்க முன்வந்தால், இரசிக உரிமையில் ஒரு வேண்டுகோள். முதல் பகுதியை இடிப்பில் தொடங்க வேண்டாம். குப்பைப் பொட்டலங்களோடு குழந்தைகள் மாநகராட்சி அலுவலகத்துக்கு நடந்துபோகும் காலையில் தொடங்கலாம். அன்றைய பிள்ளைகள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். நடந்துபோகையில் எந்தத் தமிழில் ஒருவரையொருவர் கேலி செய்திருப்பார்கள் என்பதைத் திரைக்கதை எழுதுபவர் அவர்கள் வயதொத்தவர்களிடம் சீத்தா கேம்ப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.