மைதானத்தில் மோதிய இரு வங்காளங்கள்

உதைபந்தாட்ட மைதானங்களிலே இரசிகர்கள் மோதிக்கொள்ளும்போதெல்லாம், ‘கும்பலின் மிருகத்தனம்’ என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுவது கனவான்களின் வழக்கம். கும்பல் வானத்திலிருந்து குதித்ததன்று. அதற்கு ஊர் உண்டு, தொழில் உண்டு, பசி உண்டு, மறக்கவொண்ணா அவமானங்களும் உண்டு. இவற்றை ஆராயாது மைதானத்துக் கலவரத்தை விளங்கிக்கொள்ளுதல் இயலாது. கல்கத்தா நகரின் இரு பெருங் கழகங்களான மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகியவற்றின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

மோகன் பகான் கழகம் 1889ஆம் ஆண்டு தோன்றியது. 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆந் திகதி அக்கழகம், கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவின் அணியை 2–1 என்ற கோல் கணக்கில் வென்று, ஐ. எப். ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. சப்பாத்தணிந்த வெள்ளைச் சிப்பாய்களை எதிர்த்து நின்ற பதினொருவருள் ஒருவர் நீங்கலாக ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர். 1905இல் கர்சன் பிரபு செய்த வங்காளப் பிரிவினைக்கு எதிரான கொந்தளிப்பு அடங்காதிருந்த காலம் அது. ஆகவே, அவ்வெற்றி அடிமைப்பட்ட ஒரு நாட்டின் வெற்றியாகவே கொண்டாடப்பட்டது. அவ்வணியினருள் பலர் கிழக்கு வங்காளத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. பொது எதிரி கண்முன் நின்றபோது, பத்மா நதியின் எக்கரையிற் பிறந்தவன் என்ற வினா பெரிதாகத் தோன்றவில்லை.

அவ்வினா எழும் காலமும் விரைவிலேயே வந்தது. 1920ஆம் ஆண்டு ஜோராபகான் என்னும் கழகம், மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைச் சேர்க்காது விலக்கியது. அவர் கிழக்கு வங்காளத்தவர் என்பதே காரணமெனக் கருதிய அக்கழகத்தின் உபதலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி பதவியைத் துறந்தார். வேறு சிலருடன் கூடி அவ்வாண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி ஈஸ்ட் பெங்கால் கழகத்தை நிறுவினார். 1925ஆம் ஆண்டு கல்கத்தா லீக் போட்டியில் இரு கழகங்களும் முதன்முறையாகச் சந்தித்தன.

இப்போட்டி ஆறாத பகைமையாக மாறியது 1947ஆம் ஆண்டின் பிரிவினைக்குப் பின்னரேயாகும். ஏகாதிபத்தியம் வரைந்த எல்லைக்கோடு இலட்சக்கணக்கான மக்களை வீடு வாசலின்றித் துரத்தியது. சியால்டா ரயில் நிலைய மேடைகளிலும், நகரின் புறத்தே எழுந்த அகதிக் குடியிருப்புகளிலும் அவர்கள் ஒண்டினர். அவர்களது பேச்சையும் பழக்கவழக்கங்களையும் எள்ளி நகையாடிய மேற்கு வங்காளத்தார் அவர்களைப் ‘பாங்கால்’ என்றனர். பதிலுக்கு அவர்கள் இவர்களைக் ‘கோட்டி’ என்றனர். இருக்கும் வேலைகளுக்கோ இரு சாராரும் போட்டியிட வேண்டியிருந்தது. நிலத்தையும் ஊரையும் இழந்தவனுக்குத் தன் ஊரின் பெயரை உரக்கக் கூவுவதற்கு எஞ்சியிருந்த இடம் உதைபந்தாட்ட மைதானம் ஒன்றே. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீனுக்கும், மோகன் பகான் வென்றால் இறாலுக்கும் சந்தையில் விலை ஏறும் என்பர். விளையாட்டு, அடுப்படிவரை சென்றுவிட்டது.

இந்நிலையிலேதான் 1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆந் திகதி வந்தது. ஈடன் தோட்டத்திலே இரு கழகங்களும் லீக் ஆட்டத்திற் பொருதின. ஈஸ்ட் பெங்கால் தடுப்பாட்டக்காரர் திலிப் பாலித்தும் மோகன் பகான் முன்னணி ஆட்டக்காரர் பிதேஷ் போஸும் மோதிக்கொள்ள, நடுவர் இருவரையும் வெளியேற்றினார். மைதானத்திலிருந்த சினம் கலரிக்குத் தாவியது. அங்கே இரு கழகங்களின் ஆதரவாளரும் பிரித்து அமர்த்தப்படாது கலந்திருந்தனர். அடிதடி மூண்டது, ஓட இடமின்றிச் சனம் ஒருவரையொருவர் மிதித்தது, மேலிருந்து குதித்தவரும் உண்டு. ஆட்டம் பார்க்கச் சென்ற பதினாறு பேர் வீடு திரும்பவில்லை.

கை ஓங்கியவர்களின் குற்றத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், பல்லாண்டுப் பகைமையை அறிந்திருந்தும் இரு சாராரையும் ஒரே படிக்கட்டில் நெருக்கி அமர்த்திய ஏற்பாட்டாளரின் பொறுப்பு எங்கே போயிற்று? கனவான்களின் இருக்கைகளில் எவரும் மிதிபட்டுச் சாவதில்லை; நெரிசல் எப்போதும் மலிவான சீட்டு வாங்கியவனையே தேடிச் செல்கிறது. இன்றும் ஆகஸ்ட் 16ஆந் திகதி கல்கத்தாவில் உதைபந்தாட்ட அன்பர் தினமாக அனுட்டிக்கப்படுகிறது. அன்று இரசிகர்கள் இரத்ததானம் செய்கின்றனர்.

இஃது வங்காளத்துக்கு மட்டும் உரிய நோயன்று. ஆங்கிலேயன் பிரித்த மற்றொரு நாடான அயர்லாந்திலே, பெல்பாஸ்ற் நகரில், 1948ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆந் திகதி லின்பீல்ட் கழகமும், கத்தோலிக்கரின் ஆதரவு பெற்ற பெல்பாஸ்ற் செல்டிக் கழகமும் மோதின. ஆட்டம் முடிந்ததும் களத்தினுட் புகுந்த லின்பீல்ட் ஆதரவாளர்கள், செல்டிக் வீரர் ஜிம்மி ஜோன்ஸைத் தாக்கிக் காலை முறித்தனர். அவரோ தாக்கியவர்களைப் போலவே புரட்டஸ்தாந்து மதத்தவர். மறு ஆண்டு செல்டிக் கழகம் லீக்கைவிட்டே விலகியது. குருட்டுப் பகைமை, இறுதியிலே தன் இனத்தானையும் இனங்காணாது போயிற்று.

எனினும், பகைமை விதியன்று. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கல்கத்தாவின் ஆர். ஜி. கார் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் வன்புணர்வுக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். நகரமே நீதி கேட்டு எழுந்தது. ஆகஸ்ட் 18ஆந் திகதி நடைபெறவிருந்த மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டம், பாதுகாப்பைக் காரணங்காட்டி நிறுத்தப்பட்டது. ஆயினும் இரு கழகங்களின் இரசிகரும் மழையென்றும் தடியென்றும் பாராது சால்ட் லேக் மைதானத்தின் முன் திரண்டனர். முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தாரும் உடன் சேர்ந்தனர். பொலிஸார் தடியடி நடத்தினர். அன்று பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் ஒரே கோரிக்கைக்காக அருகருகே பறந்தன.

மலையகத்தவராகிய நாம் இதனைத் தூரதேசத்துக் கதையெனத் தள்ளிவிடலாகாது. பெல்பாஸ்றிலே கால் முறிந்த அதே 1948ஆம் ஆண்டிலேதான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. இங்கே ‘கள்ளத்தோணி’ என ஏசப்பட்டவன், நீலகிரியிலே ‘சிலோன்காரன்’ எனப்பட்டான். ‘பாங்கால்’ என்ற சொல்லின் வலியை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

தரவளையிலே வெள்ளைத் துரைமார் தமக்கெனக் கழகம் அமைத்து ஆடிய காலத்தில் தொழிலாளிக்கு அங்கு உறுப்புரிமை இல்லை. இன்று ஹட்டன் டன்பார் மைதானத்திலே அவன் பேரர்கள் தோட்டத்தின் பெயரால் அணி சேர்ந்து ஆடுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் தோல்வியின் கசப்பிலே ‘மேட்டு லயம்’, ‘பணிய லயம்’ என்ற வசைகள் தலைகாட்டும்போது நாம் வாளாவிருத்தல் தகாது. கங்காணி ஆள்கட்டிய முறையும், சாதி பார்த்து லயம் பிரித்த முறையும் விட்டுச்சென்ற எச்சங்கள் அவை. நாட்சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும் வேளையில் எந்த லயத்தான் என்று கம்பனி எவரையும் கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே மறுப்புத்தான்.

போட்டி வேண்டாமென்று எவரும் கூறவில்லை. போட்டியில்லா ஆட்டம் உப்பில்லாப் பண்டம். தன் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தும் மாணவனை ஆசிரியர் கடியவும் வேண்டாம். எதிரணியை நோக்கி அவன் வீசும் வசைச்சொல்லை முதன்முதலில் உண்டாக்கியவர் யார், அதனால் இலாபமடைந்தவர் யார் என்று மறுநாள் வகுப்பிலே அவனையே ஆராயச் சொல்லட்டும். வரலாற்றுப் பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.