மங்கோலிய டிஃபென்டரின் கணக்கு

மங்கோலியா என்றதும் செங்கிஸ்கானும் குதிரையும்தான் ஞாபகம் வரும். கால்பந்து? 1960-ல் சில சர்வதேச ஆட்டங்கள். அப்புறம் 1998 வரை ஒன்றுமே இல்லை. அந்த வருட பாங்காக் ஆசிய விளையாட்டில் உஸ்பெகிஸ்தானிடம் 0-15! பின்வரிசையில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

2001-ல் பங்களாதேஷோடு 2-2. உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றில் முதல் புள்ளி. 2019-ல் புருனேயைத் தாண்டி முதன்முறையாக இரண்டாம் சுற்று. அங்கே மியான்மரையும் 1-0 என்று ஜெயித்தார்கள்.

2021 மார்ச்சில் ஜப்பானிடம் 0-14. கதை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் ஜூனிலேயே கிர்கிஸ்தானை 1-0 என்று வென்றார்கள். ஒரு கோல்கூட விடவில்லை. 2023-ல் புவனேஸ்வரில் நம்ம அணியிடம் தோற்றபோதும் வாங்கியது 2 கோல்தான்.

டிஃபென்டருக்கு, வாங்கிய கோலைத்தான் எல்லோரும் எண்ணுவார்கள். 14 வாங்கிய பிறகும் அடுத்த ஆட்டத்துக்கு வந்து நின்றதை யாரும் எண்ணுவதில்லை. நாமாவது எண்ணுவோமே!