தாம்பரம்: தண்டவாளம் வளர்த்த ஊர்



1983 இற்குப் பின்னர் எங்கள் சனம் பலர் சென்னையில் தங்கியிருந்தே ஐரோப்பாவுக்கு வந்தார்கள். இராமேஸ்வரத்திலிருந்து எழும்பூருக்குப் போகும் புகையிரதம் தாம்பரத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆகவே அந்தப் பெயர்ப்பலகை எங்களில் பலருக்குப் பழக்கமானது. அந்த ஊர் எப்படி வளர்ந்தது என்பதே இம்மாத உரை.

தாம்பரம் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தெற்கே உள்ளது. நூறு வருடங்களுக்கு முன்னர் அது ஏரியும் வயலும் காடும் சூழ்ந்த கிராமம். நல்ல காற்றுள்ள இடம் என்பதால் 1928 இல் டொக்டர் சௌரி முத்து அங்கே காசநோயாளருக்கு ஒரு சானட்டோரியம் அமைத்தார். பின்னர் அது அரசாங்க மருத்துவமனையானது. இன்றைக்கும் அங்குள்ள புகையிரத நிலையத்தின் பெயர் தாம்பரம் சானட்டோரியம்தான்.

1931 மே மாதத்தில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. கொப்பன்கேகனில் எஸ்-ரயில் ஓடத் தொடங்கியது 1934 இல். இந்த விடயத்தில் சென்னை மூன்று வருடம் முந்திவிட்டது!

ரயில் வந்தபின் மற்றவையும் வந்தன. 1937 இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகர நெரிசலை விட்டு, சேலையூர்க் காட்டுப் பக்கம் 350 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு இடம் மாறியது. விமானப்படைத் தளம் அமைந்தது. 1984 இல் ஏற்றுமதித் தொழில் வலயம் திறக்கப்பட்டது. வேலைக்கு வந்தவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். பிறகு காணி வாங்கி வீடு கட்டினார்கள். 2011 குடிசன மதிப்பீட்டில் தாம்பரம் நகராட்சியில் மட்டும் ஏறத்தாழ 1,75,000 பேர். 2021 இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலியவற்றையும் சேர்த்துத் தாம்பரம் தனி மாநகராட்சியானது.

இது வரவுப் பக்கம். கணக்காளன் என்ற முறையில் செலவுப் பக்கத்தையும் பார்க்கவேண்டும்.

அந்தப் பகுதி ஏரிகள் சங்கிலிபோலத் தொடுக்கப்பட்டவை. எங்கள் வன்னிக் குளங்கள் வான் பாய்வதுபோல, ஓர் ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வாய்க்கால் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். வயல்கள் மனைகளாகப் பிரிக்கப்பட்டபோது ஏரிக்கு வேலையில்லை என்று நினைத்துவிட்டார்கள். வாய்க்கால்கள் தூர்ந்தன, பல ஏரிகளின் ஓரங்களில் வீடுகள் எழும்பின. பத்திரம் எழுதலாம், பட்டாவும் வாங்கலாம். மழைத்தண்ணீர் அவற்றை வாசிப்பதில்லை.

2015 டிசம்பர் 1ஆம் திகதி பெய்யத் தொடங்கிய மழையில், 24 மணித்தியாலத்தில் தாம்பரத்தில் 49 சென்ரிமீற்றர் பதிவாகியது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் மிகுதி நீர் அடையாற்றில் பெருகி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. படகில் ஆட்களை ஏற்றவேண்டி வந்தது. ஆயுட்காலச் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கிய குடும்பங்கள் மொட்டைமாடியில் நின்றன.

இனி எங்கள் டோஸ்ட்ருப்பைப் பாருங்கள். இதுவும் தண்டவாளம் வளர்த்த ஊர்தான். 1847 இல் கொப்பன்கேகன்–ரொஸ்கில்ட பாதை திறந்தபின் நிலையத்தைச் சுற்றி வளர்ந்தது. ஆனால் 1947 இல் இங்கே 'விரல் திட்டம்' வரைந்தார்கள். விரித்த கையின் விரல்கள்போல ரயில் பாதை வழியே ஊர்கள் வளரலாம். விரல்களுக்கு இடையே பசுமை இருக்கவேண்டும். அந்த இடைவெளியில் வயல்களை வாங்கி 1967 இலிருந்து வெஸ்ட்ஸ்கோவன் காட்டை நட்டார்கள். சென்னையின் முதலாவது பெருந்திட்டமோ 1975 இல்தான் வந்தது. அதற்குள் மின்சார ரயில் ஓடத் தொடங்கி 44 வருடம் ஆகிவிட்டது.

இங்கே இல்லாத காட்டைப் புதிதாக நடவேண்டியிருந்தது. தாம்பரத்தில் விரல்களுக்கு இடையே இருக்கவேண்டிய இடைவெளியை முன்னோர் ஏரிகளாக ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தார்கள். அதைக் காப்பாற்றினாலே போதுமாயிருந்தது. சிட்லபாக்கம் போன்ற இடங்களில் ஊர்மக்களே முன்வந்து ஏரியை மீட்கப் பாடுபட்டது ஆறுதலான செய்தி.

நேயர்களே, ஊரில் காணி வாங்க, வீடு கட்ட இங்கிருந்து காசு அனுப்புகிறவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்திலும் குளங்களும் வெள்ள வாய்க்கால்களும் உள்ள நிலத்தில்தான் வீடுகள் பெருகுகின்றன. உறுதி சரியா, எல்லை சரியா என்று கேட்கிறோம். மாரி மழையில் அந்தக் காணித் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்றும் கேளுங்கள். அயலில் உள்ள ஒரு முதியவரிடம் கேட்டால் சொல்லுவார். அதற்குக் கட்டணம் கிடையாது.

அடுத்த மாதம் வேறொரு உரையில் சந்திப்போம்.